நானூற்றுப் பன்னிரண்டு சர்டிபிகேட்

மார்ச் 3

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருப்பதைப் போன வாரக் கூட்டத்திலேயே கண்ணால் பார்த்துவிட்டேன். நான் நலமாக இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போன தடவை நாம் பேசிய பேச்சில் அங்கே வந்திருந்த உங்கள் மகளும் இங்கே என் மகனும் ஓடி வந்து ஆளுக்கொரு போனைப் பிடுங்கி வைக்க வேண்டியதாயிற்று. "ஆபீஸ் விஷயத்தை இனிமே போன்ல பேசாதீங்க. எழுதிக்கோங்க, அதுக்குள்ள கோபம் ஆறிடும்" என்று உங்கள் மகள் சொல்லிவிட்டாள். என் மருமகள் சொல்லை நான் தட்டுவதில்லை. கோபம் ஆறுமா என்பது வேறு விஷயம்.

பதினோரு நிறுவனங்கள் கூடி, ஆன்லைனில் பாடம் நடத்திய அனுபவத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கூட்டம் என்றுதான் என்னையும் அழைத்தார்கள். நீங்கள் மருத்துவமனையின் பயிற்சி அதிகாரியாக மேடையேறி, உங்கள் ஊழியர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேரும் எல்லாப் பாடங்களையும் முடித்துவிட்டார்கள், நூற்றுக்கு நூறு என்று ஒரு பச்சை வட்டத்தைத் திரையில் காட்டினீர்கள். அதே இணையதளத்தில்தான் எங்கள் லிஃப்ட் கம்பெனியும் பாடம் நடத்துகிறது. என் மெக்கானிக்குகளில் முடித்தவர்கள் நூற்றுக்கு இருபத்து மூன்று பேர். எனக்குப் பிறகு பேசியவர் கூட என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

எங்கள் இயக்குநர் முன்வரிசையில் உட்கார்ந்து உங்கள் வட்டத்தை போட்டோ எடுத்தார். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "ஆஸ்பத்திரியே கம்ப்யூட்டர்ல சமாளிக்குது, நமக்கு எதுக்கும்மா அவ்வளவு பெரிய கூண்டு?" என்றார். ஏப்ரல் முப்பதுக்குள் என் பயிற்சிக் கூண்டைப் பிரித்துவிட வேண்டுமாம். அந்தக் கொட்டகையில் உதிரிப் பாகங்களை அடுக்கப் போகிறார்களாம்.

கூண்டை நீங்கள் பார்த்ததில்லை. மூன்று மாடி உயர இரும்புச் சட்டம், அதற்குள் ஒரு நிஜ லிஃப்ட். அது யாரையும் எங்கேயும் ஏற்றிப் போகாது. என் ஆட்கள் பிரேக்கைக் கழற்றி மாட்டுவதும், கதவு திறக்காமல் மாட்டிக்கொண்டவரை வெளியே எடுப்பதும் அதில்தான் பழகுகிறார்கள். பதினாறு வருஷமாக எல்லாத் தப்பும் அதற்குள் நடந்திருக்கிறது, ஒருவருக்கும் அடிபட்டதில்லை. கூண்டு போய்விட்டால் அதே தப்பு பத்தாவது மாடியில் நடக்கும்.

ஆகவே, நூற்றுக்கு நூறு எப்படி வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். நான் நக்கலாகக் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கேட்கிறாளே என்று பூசி மெழுகவும் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


மார்ச் 9

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

அநேக வணக்கங்கள். தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். என்னிடம் வழி கேட்டிருப்பது தங்கள் பெருந்தன்மை. முதலில் ஒரு சிறு வருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் தாங்கள் கையைத் தூக்கி, "இந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரில் தீயணைப்பு சிலிண்டரைக் கையால் தொட்டவர் எத்தனை பேர்?" என்று கேட்டீர்கள். சபை சிரித்தது. என் மேலதிகாரியும் சிரித்தார். சம்பந்தி வீட்டாரே இப்படிக் காலை வாரலாமா என்று அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. போகட்டும்.

வெற்றியின் ரகசியம் ஒழுங்கு, ஒன்றே ஒன்றுதான். எங்கள் வார்டு உதவியாளர்களும் துப்புரவுப் பணியாளர்களும் ஆரம்பத்தில் தினமும் என் அறை வாசலில் நின்றார்கள். பாஸ்வேர்டு மறந்துவிட்டது, பாஸ்வேர்டு பூட்டிக்கொண்டது என்று ஒரே ரோதனை. அதற்கு நான் ஒரு வழி கண்டேன். துணிகள் வைக்கும் அறையில் ஓர் ஒப்பந்த ஊழியர் இருக்கிறார். அலமாரி அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும், நல்ல பொறுப்பான பெண்மணி. எல்லோருடைய பாஸ்வேர்டையும் ஒரே நோட்டில் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து என் வாசலுக்கு ஒருவர் கூட வருவதில்லை.

எங்கள் ஊழியர்களின் கட்டுப்பாட்டுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பாடம் முடித்த நேரத்தைத் தளம் குறித்துக்கொள்ளும். அதைப் பார்த்தால் அத்தனை பேரும் பிற்பகல் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில்தான் முடித்திருக்கிறார்கள். யாரும் சொல்லித் தரவில்லை, தானாக அமைந்த பழக்கம். தங்கள் மெக்கானிக்குகளுக்கும் இதுபோல ஒரு நேரத்தை ஒதுக்கிப் பாருங்கள்.

எங்கள் பாடப் பட்டியலை முழுவதுமாகத் தங்கள் இயக்குநருக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். அவர் கேட்டிருந்தார். என் மகளை அடிக்கடி போன் செய்யச் சொல்லுங்கள், அப்பா ஒருவர் இருப்பதே அவளுக்கு ஞாபகமில்லை போலிருக்கிறது.

என்றும் தங்கள் நலம் நாடும்,
சம்பந்தி


மார்ச் 20

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மகள் நேற்று உங்களுக்கு போன் செய்தாளாம், நீங்கள்தான் எடுக்கவில்லையாம். அந்தப் பஞ்சாயத்து எனக்கு வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய பாடப் பட்டியல் வந்தது. எங்கள் இயக்குநர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அப்படியே என் ஆட்களின் தலையில் கட்டிவிட்டார். இப்போது லிஃப்ட் மெக்கானிக்குகள் முப்பத்தெட்டு பேரும், படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிக்குப் புண் வராமல் எப்படித் திருப்பிப் போடுவது என்று படித்துக்கொண்டிருக்கிறார்கள். அதை முடித்தால்தான் அடுத்த பாடமான பிரேக் திறக்குமாம். நான் இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். "கூடுதலா நாலு விஷயம் தெரிஞ்சா நல்லதுதானேம்மா" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் அறை நாற்காலியைத்தான் திருப்பிப் போட்டுவிட்டு வந்தேன்.

நீங்கள் சொன்னபடி இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை ஒதுக்கினேன். அந்த நேரத்தில் லிஃப்ட்டுகள் பழுதாகாமல் இருப்பதாக எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஒருவன் அடித்தளக் குழிக்குள் நின்றுகொண்டு, கிரீஸ் கையோடு போனைத் தேய்த்திருக்கிறான். மூன்று நிமிஷம் திரையைத் தொடாவிட்டால் 'நீங்கள் இருக்கிறீர்களா?' என்று அது கேட்கும் அல்லவா, "இருக்கேன், இருக்கேன்" என்று குழிக்குள்ளிருந்து கத்திப் பதில் சொல்லியிருக்கிறான். வீடியோவில் வரும் மெக்கானிக் வெள்ளைக் கையுறை போட்டிருக்கிறார். அது கடைசிவரை வெள்ளையாகவே இருக்கிறது. என் ஆட்கள் அங்கேயே நம்பிக்கை இழந்துவிட்டார்கள்.

இனி சிரிப்பில்லாத விஷயம். என்னிடம் ஒரு மெக்கானிக் இருக்கிறான், எதிலும் அவசரப்பட்டு முன்னால் போய் நிற்பதால் முந்திரிக்கொட்டை என்றே பெயர். அவன் லிஃப்ட் பாதுகாப்புப் பாடத்தில் தொண்ணூற்றைந்து மதிப்பெண் வாங்கினான். எனக்கும் சந்தோஷம்தான். மறுநாள் அவனைக் கூண்டில் ஏற்றினேன். லிஃப்ட்டின் கூரைமேல் கால் வைக்கும் முன் ஸ்டாப் ஸ்விட்சை அழுத்த வேண்டும், அதுதான் முதல் கேள்வி, அதற்குச் சரியாகத்தான் பதில் எழுதியிருந்தான். ஆனால் அழுத்தாமல் ஏறினான். நான் கீழேயிருந்து பட்டனைத் தட்டினேன். அரை அடிதான் நகர்ந்தது. அவன் அப்படியே உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். இனி ஜென்மத்துக்கும் அவன் அந்த ஸ்விட்சை மறக்க மாட்டான். இதற்குத்தான் சம்பந்தி, கூண்டு.

உங்களிடம் இரண்டு கேட்கிறேன். கையால் செய்து பழகுவதும் வேண்டும், கம்ப்யூட்டர் மட்டும் போதாது என்று எங்கள் இயக்குநருக்கு நான்கு வரி எழுதுங்கள். நீங்கள் சொன்னால் அவர் கேட்பார், நூற்றுக்கு நூறு வாங்கியவர் அல்லவா. இரண்டாவது, ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு அந்தத் துணி அறைக்கு நீங்களே நடந்துபோய்ப் பாருங்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேர் எந்த நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


மார்ச் 27

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி என்னைப் புண்படுத்தியது. முப்பத்தொரு வருடப் பணியில் என் மேல் ஒருவரும் விரல் நீட்டியதில்லை.

தாங்கள் கேட்ட நான்கு வரியை எழுத இயலாத நிலையில் இருக்கிறேன். ஏப்ரல் 22 அன்று இரண்டாவது கூட்டம். அதில் எங்கள் மருத்துவமனையை முன்மாதிரி நிறுவனம் என்று அறிவிக்கப் போகிறார்கள். இந்த நேரத்தில் கம்ப்யூட்டர் போதாது என்று நானே எழுதிக் கொடுத்தால் என் மேலதிகாரி என்னை என்ன நினைப்பார்? தாங்களும் ஒரு நிர்வாகத்தில் வேலை பார்ப்பவர், புரிந்துகொள்வீர்கள்.

படுக்கைப் புண் பாடம் தவறுதலாகச் சேர்ந்துவிட்டதற்கு வருந்துகிறேன். ஆனால் அது நல்ல பாடம்.

தங்கள்,
சம்பந்தி


ஏப்ரல் 8

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

போன கடிதத்துக்குத் தாங்கள் பதில் போடவில்லை. போட்டிருக்கவும் வேண்டாம். இதை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன், ஆபீஸ் தாளில் எழுதக் கை வரவில்லை.

திங்கட்கிழமை காலை சலவைப் பிரிவில், துணி தேய்க்கும் அறையில் தீப்பிடித்தது. பெரிய தீ இல்லை. ஒரு தேய்ப்பு மேஜையின் விரிப்பு பற்றி, பக்கத்திலிருந்த போர்வைக் கட்டுக்குத் தாவியது. நான் சத்தம் கேட்டு ஓடினேன். அந்த அறையில் ஒன்பது பேர் நின்றிருந்தார்கள். ஒன்பது பேரும் தீயணைப்புப் பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்கள், சர்டிபிகேட்டில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். சுவரில் சிவப்பு சிலிண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் அதன் பக்கம் போகவில்லை. எல்லோரும் வாசலைப் பார்த்துக் கத்தினார்கள். என்ன கத்தினார்கள் தெரியுமா? "அலமாரி அக்காவைக் கூப்பிடுங்க, அவங்களுக்குத்தான் தெரியும்."

தாங்கள் நினைத்தது சரி. அவர்தான் எல்லோருக்குமாக உட்கார்ந்து படித்திருக்கிறார். மதியம் இரண்டு மணிக்கு மேல் துணி அறையில் வேலை குறைவு. நோட்டைத் திறந்து ஒவ்வொருவர் பெயராக உள்ளே போய், வீடியோவை ஓட விட்டு, கேள்விக்குப் பதில் போட்டு முடித்திருக்கிறார். யாரும் அவரை மிரட்டிச் செய்யச் சொல்லவில்லை. "நோட்டை எங்கிட்ட குடுத்தீங்களே சார், முடிச்சுக் குடுக்கத்தான்னு நெனச்சேன்" என்றார். அவர் அப்படி நினைக்கட்டும் என்றுதான் நானும் கொடுத்தேனோ என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது. ஒப்பந்த ஊழியர் என்பதால் அவர் பெயர் மட்டும் தளத்தில் கிடையாது.

அவர் ஓடி வந்தார். சிலிண்டரை எடுத்தார். நானூற்றுப் பன்னிரண்டு முறை படித்தவர், உதடு பாடத்தை முணுமுணுத்ததை நான் பார்த்தேன். கைப்பிடியில் செருகியிருந்த பின்னை இழுத்தார். வரவில்லை. பயத்தில் கைப்பிடியை இறுக்கி அழுத்திக்கொண்டே இழுத்திருக்கிறார், அழுத்தினால் பின் சிக்கிக்கொள்ளுமாம். வீடியோவில் அதைச் சொல்லவில்லை. நானும் வாங்கி இழுத்தேன், எனக்கும் வரவில்லை. கடைசியில் துவைத்து வைத்திருந்த ஈரப் போர்வைகளை வாரிப் போட்டு அணைத்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் வார்டு.

இன்னும் எட்டு மாதத்தில் நான் ஓய்வு பெறுகிறேன். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று தங்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். நம் பிள்ளைகளுக்காகவாவது.

தங்கள்,
சம்பந்தி


ஏப்ரல் 12

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. முதலில், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற வரியைப் படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

நான் சொல்ல மாட்டேன். உங்கள் கடிதம் என் கைப்பையில் இருக்கிறது. இதை எங்கள் இயக்குநர் மேஜையில் வைத்தால் கூண்டு தப்பிவிடும், அது உங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு நாளாக அவர் அறை வாசல்வரை போய்த் திரும்புகிறேன். சம்பந்தி என்று நம்பி எழுதியதை எடுத்துக்கொண்டுபோய் இன்னொருவரிடம் காட்ட எனக்கு மனசு வரவில்லை. இதனால் எனக்கு உங்கள் மேல் எவ்வளவு எரிச்சல் என்று எழுதினால் தாள் போதாது.

ஆனால் நீங்கள் சொல்ல வேண்டும். 22-ஆம் தேதி அதே மேடை, அதே பதினோரு நிறுவனம், எங்கள் இயக்குநர் அதே முன்வரிசை. அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளத்தானே கூட்டம் போடுகிறார்கள், இதைவிட ஓர் அனுபவம் யாரிடம் இருக்கிறது? நானூற்றுப் பன்னிரண்டு தடவை படித்த ஒருத்தியால் ஒரு பின்னை இழுக்க முடியவில்லை. இதை நீங்கள் சொன்னால் போதும், நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பழியை அந்த அம்மாள் மேல் போடாமல் சொல்லுங்கள். நோட்டைக் கொடுத்தது நீங்கள்.

பிள்ளைகளை இதில் இழுக்காதீர்கள். உங்கள் மகள் எனக்கு மகள். உங்களைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அவளைக் காட்டி என்னிடம் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்று. அந்த அம்மாளுக்கு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சிலிண்டரைக் கையில் கொடுத்து இழுக்கக் காட்டுங்கள். பத்து நிமிஷ வேலை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 24

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். கூட்டம் முடிந்ததும் தாங்கள் என்னிடம் பேசாமல் போய்விட்டீர்கள். நான் படியிறங்கி வருவதற்குள் தங்கள் கார் கிளம்பிவிட்டது. என் நிலைமையை விளக்க அனுமதி வேண்டும். சொல்ல வேண்டும் என்றுதான் நான் மேடையேறினேன். கடவுள் சத்தியம். சட்டைப்பையில் எழுதிக்கூட வைத்திருந்தேன். முன்வரிசையில் என் மேலதிகாரி, பக்கத்தில் தங்கள் இயக்குநர், இருவரும் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்கள். தாங்கள் மூன்றாவது வரிசையில் இருந்தீர்கள். தாங்கள் தலையாட்டவில்லை.

நூறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். தொண்ணூற்றேழு என்றேன். திரையில் நூறு, நான் சொன்னது தொண்ணூற்றேழு. என் மேலதிகாரியின் முகம் சுருங்கியது, எனக்கு முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. சலவைப் பிரிவில் சிறிது புகை ஏற்பட்டது, ஊழியர்கள் விரைந்து செயல்பட்டார்கள் என்றும் சொன்னேன். அதுவும் பொய்யில்லை. என்னளவில் அதற்கே எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்று தாங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அலமாரி அக்காவுக்கு ஒரு கெடுதலும் வராமல் பார்த்துக்கொண்டேன். தளத்தில் அவர் பெயரிலும் ஒரு கணக்குத் திறந்து, சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்துவிட்டேன். சிலிண்டரை இழுத்துக் காட்டுவதற்கு இன்னும் நேரம் அமையவில்லை. அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சம்பந்தி


மே 2

சம்பந்தி அவர்களுக்கு,

தொண்ணூற்றேழு என்று நீங்கள் சொன்னபோது எனக்குக் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். அவரும் தொண்ணூற்றேழு என்றுதான் சொன்னார். மிச்சம் மூன்று பேர் யார் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். நானூற்றுப் பன்னிரண்டில் நூற்றுக்கு மூன்று என்றால் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேர் என்ன பாவம் செய்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

கூண்டை முப்பதாம் தேதி பிரித்தார்கள். வெளியாட்கள் வந்து செய்வார்கள் என்று சொன்னார்கள், நான் விடவில்லை. கட்டியவர்களே பிரிப்பதுதான் பத்திரம் என்று என் ஆட்களை வைத்தே பிரித்தேன். முதலில் எதிர் எடைகளை இறக்கினோம், பிறகு கம்பி வடங்கள், பிறகு கதவுகள். கதவுகளில் பதினாறு வருஷத்து ஸ்க்ரூ டிரைவர் கீறல்கள். ஒருவரும் தப்புச் செய்யவில்லை. முந்திரிக்கொட்டை, கூரைமேல் ஏறும் முன் ஸ்விட்சை அழுத்தினான். அந்த லிஃப்ட்டுக்கு அப்போது மின்சாரமே கிடையாது, இருந்தும் அழுத்தினான்.

சாயங்காலம் எல்லோரும் கை கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். அவன் மட்டும் வெறும் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தான். எதற்கு நிற்கிறாய், வீட்டுக்குப் போ என்றேன்.

"இல்ல மேடம், அடுத்த வாரம் ஆறு பேர் புதுசா சேர்றாங்களே. அவங்கல்லாம் எங்க போய்த் தப்பு பண்ணுவாங்க?"

இதற்குப் பதில் எழுதச் சொல்லி உங்களையே கேட்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நீங்கள் எழுதுவீர்கள், அநேக வணக்கங்களோடு நான்கு பக்கம் எழுதுவீர்கள். அதனால் இனி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டு விசேஷங்களில் பார்ப்போம். சாப்பிட்டீர்களா என்று நான் கேட்பேன், நீங்களும் கேளுங்கள். உங்கள் கடிதங்களை யாருக்கும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். ஆனால் அந்த ஆறு பேரில் ஒருவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவன் வீட்டுக்குச் சொல்லப் போகும்போது உங்களையும் கூட்டிக்கொண்டுதான் போவேன்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் அம்மா